இரண்டு மழைக்காலம் இ20 பெட்ரோல் போட்டுப் பார்த்ததில்: பழைய பைக், டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி

நான் ஓட்டுவது 2006-ல் வாங்கிய நூறு சிசி பைக். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வண்டி, இரும்பு டேங்க், டேங்க் அடியில் பெட்ரோல் வால்வைத் திருப்பி ரிசர்வில் போடும் பழைய ரகம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் வீடு, வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். இது போக தென்னந்தோப்புக்கென்று ஒரு டூ ஸ்ட்ரோக் புல் வெட்டும் மெஷின், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் ரகம். இரண்டுக்கும் ஒரே பெட்ரோல் பங்கில்தான் வாங்குகிறேன், அங்கே வருவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்). "இஞ்சினே போச்சு" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், "ஒன்றுமே ஆகாது" என்று இன்னொரு பக்கம். நான் பார்த்தது இரண்டுமே இல்லை.

முதலில் மைலேஜ். 2019-ல் டேங்க் நிரப்பி, ரீடிங் குறித்து, மறுபடி நிரப்பி நோட்டில் எழுதி வைத்த கணக்கு லிட்டருக்கு 62 கிலோமீட்டர். இப்போது அதே ரோட்டில், அதே மாதிரி ஓட்டி, டயரில் காற்றும் சரியாக வைத்து, நான்கு டேங்க் போட்டுப் பார்த்ததில் 58. வண்டிக்கு வயதும் ஏறியிருக்கிறது, அதனால் முழுப் பழியையும் எத்தனால் மேல் போட முடியாது. ஆனால் எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் ஆறு ஏழு சதவீதம் குறையத்தானே செய்யும். பெட்ரோலியம் அமைச்சகமே 2025 ஆகஸ்டில், இ20-க்கென்று அமைக்காத வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று சொன்னது. எனக்கு மாதம் ஒன்றேகால் லிட்டர் கூடப் போகிறது, நூற்று முப்பது ரூபாய் மாதிரி.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் என்றால், காலையில் சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆவதில்லை, ஆனதும் ஒரு நிமிஷம் திணறும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் காற்றின் பங்கு கூடிவிடுகிறது. இஞ்செக்‌ஷன் வண்டி சென்சாரை வைத்து ஓரளவுக்குச் சமாளிக்கும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. மெக்கானிக் தம்பி ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிக் கொடுத்ததும் திணறல் குறைந்தது. ஆக்டேன் (பெட்ரோல் நேரத்துக்கு முன் தானாக எரிந்துவிடாமல் தாங்கும் திறன்) கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் கம்ப்ரெஷன் குறைவான நூறு சிசி இஞ்சினுக்கு அதனால் பெரிதாக லாபம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ரப்பர். ஒரு நாள் வண்டி நிறுத்திய இடத்தில் பெட்ரோல் வாடை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றினால், மாட்டியிருந்த முனை உப்பி, நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிற அளவுக்குக் கொழகொழவென்று ஆகியிருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் ஊசியின் நுனி ரப்பரும் போயிருந்தது, அதனால்தான் ஒழுகல். ஃபில்டரில் காப்பித்தூள் நிறத்தில் துரு. எத்தனால் டேங்கில் வருடக்கணக்கில் படிந்த அழுக்கையும் கரைத்து இழுத்து வருகிறது. டியூப், ஊசி, வாஷர், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 480 ரூபாய். அதற்குப் பிறகு பதினான்கு மாதமாக அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. டியூப் மாற்றும்போது எத்தனால் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

தினமும் ஓடும் பழைய வண்டிக்கு இதுதான் நிலவரம். செலவு உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைத்தது புல்வெட்டி.

முதல் மழைக்காலத்தில் அக்டோபரில் வேலை முடிந்ததும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலோடு அப்படியே ஷெட்டில் வைத்துவிட்டேன், எப்போதும் செய்வதுதான். தை மாதம் எடுத்துக் கயிற்றை இழுத்தால், தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும் இழுத்தாலும் ஒரு சத்தம் இல்லை. பிரித்துப் பார்த்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு காய்ந்த இலை மாதிரி விறைத்திருந்தது, அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மீதிக் கலவை இருந்த கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே தெளிவு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாகத் தனி அடுக்கு. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், மூடி சரியில்லாத கேனில் மழைத்தண்ணீரும் இறங்கியிருக்கலாம், தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து இங்கேதான், ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும், மெஷின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அன்றைக்கு அது ஸ்டார்ட் ஆகியிருந்தால் ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டனே உராய்ந்து இறுகிச் சிக்கியிருக்கும். ரிப்பேருக்கு 1,150 ரூபாய் ஆனது. சின்ன இஞ்சின்களின் கையேட்டில் பல கம்பெனிகள் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே போட்டிருக்கிறார்கள், உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

"ஓட்டிட்டே இருங்கண்ணா, நிறுத்துனாத்தான் வம்பு" என்றான் மெக்கானிக் தம்பி. அதிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிற எதுவாக இருந்தாலும் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் தீர்ந்து தானாக அணைகிற வரை ஓட்டிவிட்டுத்தான் வைக்கிறேன். கலவையை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலக்கிறேன். பைக் நிற்கும் நாட்களில் பெட்ரோல் வால்வை மூடிவிடுவேன்.

வாங்கும் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்க்கலாம். பையனின் பள்ளி அளவுக்குழாயில் 80 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிஷம் வைத்தேன். 20-ல் இருக்க வேண்டிய தண்ணீர் மட்டம் 35-ஐத் தொட்டு நின்றது. ஏறிய பதினைந்தும் எத்தனால்தான், கணக்குப் போட்டால் இருபது சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது. திறந்தவெளியில், அடுப்பு பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள், அந்தப் பெட்ரோலைத் திரும்ப வண்டியில் ஊற்றாதீர்கள்.

கரும்பும் மக்காச்சோளமும் போடும் விவசாயிக்குக் காசு வரட்டும், கச்சா எண்ணெய் வாங்கும் டாலர் மிச்சமாகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இருபது சதவீதம் கலக்க 2030-க்கு வைத்த இலக்கை அரசு ஐந்து வருடம் முன்னால் இழுத்தது, இ20 தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்ததே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலான பங்குகளில் வேறு பெட்ரோல் கேட்டு வாங்க வழி வைக்கவில்லை. எத்தனால் கலக்காததையும் விற்கச் சொல்லிப் போட்ட மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறைந்தது பம்பில் பெரிய எழுத்தில் எத்தனை சதவீதம் என்று ஒட்டலாம், நான் போகும் பங்கில் அதுகூட இல்லை.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், தினமும் ஓடும் பைக்குக்கு மூன்று. நிற்கும் சின்ன இஞ்சினுக்கு ஒன்று.

இந்த முறை அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன்பே புல்வெட்டியின் டேங்கைக் காலி செய்து வைத்துவிட்டேன். பொங்கல் முடிந்து எடுத்து, புதுக் கலவை ஊற்றி இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.