கால் கிலோ வச்சிரம்: கித்தார் ஓரக் கோட்டுக்குத் தாங்குமா?

கித்தாரின் முகப்பலகை ஓரத்தில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மெல்லிய கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். பர்ஃப்ளிங் என்பார்கள். அது பெயிண்ட் இல்லை. 0.6 மி.மீ. கனத்தில் மூன்று வெனீரை, அதாவது மெல்லிய மரத் தகடுகளை, ஒட்டி, நாடா நாடாக அறுத்து, சூடான குழாயில் வளைத்துப் பதிக்கிறார்கள். நான் செய்த மூன்றாவது கித்தாரில் இடுப்பு வளைவுக்கு வந்ததும் மூன்று கோடும் மூன்று பக்கம் போய்விட்டன.

வழக்கமான வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தேன். பலகையோடு பலகை ஒட்ட அதற்கு ஈடில்லை, ஆனால் சூட்டில் இளகும் ரகம். குழாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் ரப்பராகி, உள்பக்க வெனீர் மட்டும் கொப்புளம் மாதிரி எழும்பியது. அழுத்தினால் அமரும், கையை எடுத்தால் எழும்பும்.

அப்புறம்தான் வச்சிரம் என்ற பழையகால மரப் பசை நினைவுக்கு வந்தது. கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய ஹார்டுவேர் கடையில் கேட்டேன். “ஏனுங்க, ஆர்மோனியம் ரிப்பேருங்களா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், தேன் நிறத்தில் குருணை குருணையாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கால் கிலோ, 200 ரூபாய்க்குள் முடிந்தது. வெளிநாட்டில் கித்தார் செய்பவர்கள் 192 என்று எண் போட்ட வச்சிரம் வாங்குவார்கள். உறைந்த பசை எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது, கூடக் கூட சீக்கிரம் உறையும். என் பொட்டலத்தில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் ஊற்றி ராத்திரி ஊறவைத்தேன். காலையில் ஜெல்லி மாதிரி உப்பியிருந்தது. அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி 60 டிகிரியில் நிறுத்த வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். தூரிகையில் எடுத்தால் நூலாக ஒழுகுவதுதான் பதம்.

தடவியபின் கிடைப்பது ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆறினால் உறைந்துவிடும். அதனால் வெனீரையும் அழுத்தும் பலகைகளையும் முதலில் இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிக்கொண்டேன். பலகையில் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் பசை அதில் பிடிக்காது. ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் விட்டு, ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கத்தியால் 2 மி.மீ. அகல நாடாக்களாக அறுத்தேன்.

வளைக்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துள்ளுமே, குழாய்க்கும் அதே சூடு. நாடாவை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தேன், அவ்வளவுதான். ஊறவைத்திருந்தால் மூன்றும் பிரிந்து கையில் வந்திருக்கும், கறுப்புச் சாயமும் வெள்ளையில் இறங்கியிருக்கும். வளைவில் வெளிக்கோட்டுக்குத் தூரம் அதிகம், உள்கோட்டுக்குக் குறைவு. அதனால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும். சூட்டில் வச்சிரமும் இளகத்தான் செய்கிறது, ஆனால் குழாயிலிருந்து எடுத்து ஐந்தாறு எண்ணுவதற்குள் ஆறி, வழுக்கிய இடத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்கிறது. நாடாவின் நுனியைப் பார்த்தால் மூன்று கோடும் படிக்கட்டு மாதிரி முன்னும் பின்னுமாக நிற்கும். அது தப்பில்லை, அறுத்துவிடலாம். நான்கு நாடாவில் மூன்று சுத்தமாக வளைந்தன. நான்காவது முறிந்ததற்கு என் அவசரம்தான் காரணம்.

குறைகள் உண்டு. பொட்டலத்தில் மணல் இருந்தது. இளகியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். வாடை கொஞ்சநஞ்சமில்லை. கரைத்த பசை நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் தாங்காது, பிரிஜ்ஜில்தான் வைக்க வேண்டும். எங்கள் வீடு சைவம். இது தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது என்று அம்மாவுக்குத் தெரிந்த அன்றே கிண்ணம் மாடிக்குப் போய்விட்டது. இப்போது தேவைக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் ஊறவைக்கிறேன். குருணையாக மூடிவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது.

பெரிய பலகை ஒட்ட இதை வாங்காதீர்கள், தடவி முடிப்பதற்குள் ஒரு முனை உறைந்திருக்கும். வளைக்க வேண்டிய வெனீர் நாடாவுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மணலுக்காக ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நான்கு.