தரம் 11 கணிதமும் விஞ்ஞானமும்: இணைய உதவிகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றவிருக்கும் பிள்ளை, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வீட்டுவேலை செய்யும்போது இணையத்தில் எங்கே உதவி தேடலாம் என்பதைப் பற்றியது இந்த மதிப்பீடு. தரம் 11இல் படிக்கும் என் மகளுக்காக, திருகோணமலை நகருக்கு அருகே உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தபடியே ஒரு தவணை முழுவதும் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலவசமாகக் கிடைப்பவற்றைச் சரியாகச் சேர்த்துப் பயன்படுத்தினால் அவையே போதும், விடையை மட்டும் விரைவாகத் தரும் எதற்கும் பணம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

திருகோணமலையில் நல்ல ரியூசன் வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை நகருக்குள்ளேயே நடக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை நீங்கியது உண்மைதான். என்றாலும் மாரி காலத்தில், இருட்டிய பின் வகுப்பு முடிந்து மூதூருக்கோ தம்பலகாமத்துக்கோ பஸ் பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இணைய வழி உதவி என்பது ஆடம்பரமான விடயம் அல்ல.

கமராவைக் கணக்கின் மேல் பிடித்தவுடன் படிமுறைகளோடு விடை காட்டும் செயலிகளை மாணவர்கள் முதலில் நாடுகிறார்கள். இருபடிச் சமன்பாடு, காரணியாக்கல், ஒருங்கமை சமன்பாடு ஆகியவற்றில் தாங்கள் செய்தது சரியா என்று பார்க்க இவ்வகைச் செயலிகள் உதவும். ஆனால் நமது பரீட்சையில் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை என்பதை இவை அறியா. 7.38 × 0.524 என்பதை மடக்கை அட்டவணை மூலம் காணுமாறு கேட்டால், மாணவர் 0.8681 என்றும், தலையில் கோடிட்ட ஒன்றோடு (அதாவது −1உடன்) .7193 என்றும் இரண்டு மடக்கைகளையும் எழுதி, கூட்டி 0.5874 எனப் பெற்று, அட்டவணையில் திரும்பத் தேடி 3.867 என முடிக்க வேண்டும். செயலியோ இரண்டு எண்களையும் நேரே பெருக்கி 3.86712 என்று ஒரே வரியில் தந்துவிடுகிறது. விடையில் பிழை இல்லை. ஆனால் அதைக் கொப்பியில் எழுதிய பிள்ளைக்குப் படிமுறைக்குரிய புள்ளிகள் கிடையா. அந்தக் கோடிட்ட ஒன்றைக் கூட்டும் இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள் என்பது எந்தக் கணித ஆசிரியருக்கும் தெரியும். உதவி தேவைப்படும் அதே இடத்தில் உதவி கிடைப்பதில்லை.

கேத்திர கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசைவன என நிறுவும்போது, ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பொதுப் பக்கம் என்றோ ஒன்றுவிட்ட கோணங்கள் என்றோ காரணம் எழுதி, இறுதியில் ப.கோ.ப. (பக்கம், கோணம், பக்கம்) என்ற சந்தர்ப்பத்தையும் குறிப்பிட வேண்டும். படத்தோடு கூடிய இத்தகைய நிறுவல்களை நாங்கள் பார்த்த கமராச் செயலிகளில் எதுவும் தமிழில் ஒழுங்காகச் செய்து காட்டவில்லை. ஐந்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் இந்த வகைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

விஞ்ஞானத்துக்கு வந்தால், தயக்கமின்றிப் பரிந்துரைக்கக்கூடியது, பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் பெட் (PhET) எனப்படும் போலச்செய்தற் தளம். பௌதிகவியலுக்கான நோபல் பரிசை 2001இல் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை, சிலவற்றைத் தமிழிலும் திறக்கலாம். மின்சுற்று அமைக்கும் பகுதியில் 9 வோல்ற்று மின்கலம் ஒன்றையும் தலா 10 ஓம் தடையுள்ள இரண்டு மின்குமிழ்களையும் இழுத்துத் தொடராக இணைத்தால், அம்பியர்மானி 0.45 அம்பியரைக் காட்டுகிறது. அதே குமிழ்களைச் சமாந்தரமாக மாற்றினால் ஒவ்வொன்றிலும் 0.9, மின்கலத்தினூடாக 1.8 அம்பியர், குமிழ்களின் ஒளியும் கண்ணெதிரே கூடுகிறது. சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை குறையும் என்பதைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்திருந்த என் மகள், ஒரு கம்பியைக் கழற்றினாலும் மற்றக் குமிழ் தொடர்ந்து எரிவதைக் கண்டு, "அப்பா, எங்கட வீட்டு வயரிங்கும் இப்படித்தானே?" என்று கேட்டாள். மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் தீச்சுவாலை எழுகிறது. குறுஞ்சுற்று என்றால் என்ன என்று அதன் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. வழமையாகத் தரப்படும் குமிழின் தடை அங்கே மாறாமல் இருக்கிறது. மெய்யான குமிழில் இழை சூடேற ஏறத் தடை கூடும். ஆகவே பாடசாலை ஆய்வுகூடத்தில் எடுக்கும் வாசிப்புகள் திரையில் தோன்றும் எண்களோடு அப்படியே பொருந்தா என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வைப்பது நல்லது. மேலும், இது தானாக எதையும் கற்பிக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியோடு உட்காராவிட்டால் அரை மணித்தியாலம் விளையாட்டாகவே போய்விடும்.

கான் அகடமி 2008 முதல் இலாப நோக்கற்ற நிறுவனமாக இயங்கி வருகிறது, விளம்பரங்கள் இல்லை. அதன் காணொளிகளை விட பயிற்சி வினாக்களே எனக்குப் பிடித்தவை. பிழைவிட்டால் உடனே முழு விடையையும் கொட்டாமல், கேட்கும்போது ஒவ்வொரு படியாகக் குறிப்புத் தருவது நல்ல ஆசிரியரின் பொறுமையை ஒத்தது. ஆங்கிலம் ஓரளவு புரியும் பிள்ளைக்கே இது பயன்படும். ஆனாலும் அட்சரகணிதப் பகுதியில் திரையில் எழுதப்படுவதைப் பார்த்தே பெரும்பாலும் பின்தொடரலாம். பாட ஒழுங்கு அமெரிக்க வகுப்புகளுக்குரியது என்பதால், எந்த அலகைத் திறப்பது என்பதைப் பெற்றோரோ ஆசிரியரோ முன்கூட்டியே தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் யூரியூப் காணொளிகளும் விளக்கத்தில் சிறந்தவைதான்; பாடத்திட்டமும் கலைச்சொற்களும் அவர்களுடையவை என்பதால், கேட்டு விளங்கிக்கொண்டு எழுதுவதை நமது பாடநூலின்படியே எழுதச் சொன்னேன்.

அந்தப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் மும்மொழிகளிலும் பாடங்கள் உள்ளன. தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் இல்லாதபோதும், பரீட்சைக்கு உரிய மொழி இவற்றில்தான் இருக்கிறது. கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளித்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் படிப்பதற்கு ஈடான இணைய உதவி எதையும் நான் காணவில்லை.

செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்குகின்றன. புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்கின்றன. நடு இரவிலும் அலுத்துக்கொள்வதில்லை. ஆனால் பிழையான விடையையும் அதே உறுதியோடு சொல்கின்றன. இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்தித் தந்தால், இரு பக்கத்திலும் அணுக்களை எண்ணிப் பார்க்காமல் கொப்பியில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டில் கட்டாயம். விடையைக் கேட்காமல், "நான் எந்த வரியில் பிழைவிட்டேன்?" என்று தன் செய்கையைக் கொடுத்துக் கேட்கும் பிள்ளைக்கு இவற்றால் நன்மை அதிகம்.

கடைசியாக, மாதக் கட்டணம் வாங்கும் ஒரு சேவை; பெயரைத் தவிர்க்கிறேன். கணக்கைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கே ஆசிரியர் விளக்குவார் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மாலையில் அனுப்பிய வட்ட நாற்பக்கல் வினாவுக்கு மறுநாள் மகள் பாடசாலையில் இருந்தபோது பதில் வந்தது. அதுவும் கையால் எழுதிய செய்கையின் படம் மட்டுமே; ஏன் அந்தக் கோட்டை வரைந்தார்கள் என்ற ஒரு சொல் விளக்கம்கூட இல்லை. குரல்பதிவு கேட்டோம், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் மிக அழகாக விளக்கினார். கேட்காமல் அது வருவதில்லை என்பதே குறை. இத்தகைய சேவையில் சேர விரும்புவோர், பணம் கட்டுமுன் கேத்திர கணித வினா ஒன்றை அனுப்பி, பதில் எப்போது வருகிறது, விளக்கத்தோடு வருகிறதா என்று சோதித்துப் பார்க்கட்டும். நாங்கள் அடுத்த மாதம் புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி டேட்டாவுக்கும், மீதி அச்சிட்ட கடந்தகால வினாத்தாள் தொகுப்புக்கும் போனது.