படுக்கை அலாரம் பேட்: எட்டு மாதம் நைட் டூட்டியில் வைத்துப் பார்த்தது

விழுந்துவிடக்கூடியவர் கட்டிலை விட்டு எழுந்தால் கத்தும் இந்தப் பேட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். முதல் மாதமே எழுதியிருந்தால் ஒன்றுதான் கொடுத்திருப்பேன். மீதி ஒன்றரை எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஆனால் கம்பெனிக்காரர்கள் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காரணத்துக்காக அது வரவில்லை.

முதியவர்களை வருடக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் நான் நர்ஸ். எங்கள் தளத்தில் 22 பேர், இரவில் நானும் ஒரு உதவியாளரும் மட்டும். சேரும்போதே எல்லாருக்கும் மோர்ஸ் ஸ்கேல், அதாவது விழும் அபாயம் எவ்வளவு என்று பார்க்கும் மதிப்பெண், போடுவோம். சமீபத்தில் விழுந்திருந்தால் 25, ஒன்றுக்கு மேல் நோய் இருந்தால் 15, வாக்கர் பிடித்து நடந்தால் 15, இதிலேயே 55 ஆகிவிட்டது. 45 வந்தாலே ஹை ரிஸ்க் என்று வைத்திருக்கிறோம், அப்படிப் பார்த்தால் எங்கள் தளத்தில் ஹை ரிஸ்க் இல்லாதவரைத்தான் தேட வேண்டும். எல்லார் கையிலும் ஒரே கலர் பட்டை கட்டிவிட்டு யாரிடம் முதலில் ஓடுவது? அதனால் ஆறு பேருக்கு இந்தப் பேட் வாங்கித் தந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

மெல்லிய ரப்பர் ஷீட் மாதிரி இருக்கும். மெத்தைக்கு மேலே, பெட்ஷீட்டுக்கு அடியில், இடுப்பு படும் இடத்தில் விரிக்க வேண்டும். ஆள் படுத்திருக்கும்வரை சும்மா இருக்கும், எடை விலகியதும் கட்டில் ஓரத்தில் மாட்டிய பெட்டி கத்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒல்லியான பாட்டி ஒருவர் புரண்டு படுத்தாலே கத்தும். பேட் கொஞ்சம் கீழே நழுவிவிட்டால் ஆள் எழுந்து கதவு வரை போனாலும் கத்தாது. பெட்ஷீட் மாற்றியவர்கள் வயரைத் திரும்பச் சொருக மறந்திருப்பார்கள், அதை நாம் விடியற்காலையில் கண்டுபிடிப்போம். பேட்டுக்கு ஆயுள் தேதி என்று ஒன்று இருக்கிறது, அதையும் யாராவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் பதினோரு தடவை அடித்து, அதில் ஒன்பது சும்மா என்றால், பத்தாவது தடவை கால் தானாகவே மெதுவாகத்தான் நடக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மூன்றாவது வாரம். அலாரம் அடித்தபோது நான் நான்கு அறை தள்ளி ஒருவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவரை அப்படியே போட்டுவிட்டு ஓட முடியாது, பக்கவாட்டில் திருப்பி வைத்திருக்கிறேன், விட்டால் அவர் விழுவார். போய்ப் பார்த்தபோது பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தார், நல்லவேளை எலும்பு எதுவும் உடையவில்லை. முகத்தில் பயம்கூட இல்லை. “போன் அடிக்குது பாரும்மா, முதல்ல அதை எடு” என்றார். அந்தச் சத்தம் தனக்காக அடிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மறதி நோய் உள்ளவருக்கு அது வெறும் இரைச்சல். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அந்த இரைச்சலில் திடுக்கிட்டு எழுந்து, அவரும் காலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆஸ்பத்திரியின் 16 வார்டுகளில் நடந்தது. அலாரம் பயன்படுத்துவதை நன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், விழுவது குறையவில்லை. அமெரிக்காவில் 2017-இல் வந்த அரசு வழிகாட்டுதல், இப்படிப்பட்ட அலாரம் ஆளை அசையவிடாமல் செய்தால் அதைக் கட்டிப்போடுவதற்குச் சமமாகப் பார்க்கச் சொல்கிறது. முதலில் இது கொஞ்சம் ஓவராக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு எங்கள் ஐயா ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், நினைவெல்லாம் தெளிவு, விடிய விடிய ஈரத்திலேயே படுத்திருந்தார். ஏன் ஐயா கூப்பிடவில்லை என்று கேட்டால், “எழுந்தா அது கத்தும், எல்லாரும் முழிச்சுக்குவாங்க” என்றார். அன்றைக்கே அவர் பேட்டை எடுத்துவிட்டோம். விழாமல் இருப்பதற்காக அசையாமலே கிடந்தால் கால் தசை போய்விடும், அதற்குப் பிறகு கட்டாயம் விழுவார்.

இனி அந்த ஒன்றரை ஸ்டார். தரையில் உட்கார்ந்திருந்த அதே பாட்டிக்கு அலாரம் அடிக்கும் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். கோபத்தில்தான், எத்தனை தடவை சும்மா அடிக்கிறது என்று நிர்வாகத்திடம் காட்டலாமே என்று. பத்து நாள் கழித்துப் பார்த்தால் புரண்டதையெல்லாம் கழித்த பிறகு மிச்சம் இருந்தது ஒரே நேரம்: 1:40, 1:55, 1:30, 2:05. தினமும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் எழுந்திருக்கிறார். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தால் நீர் மாத்திரை சாயங்காலம் போகிறது, தூக்க மாத்திரை ராத்திரி ஒன்பதுக்கு. பாதித் தூக்கத்தில், முழுச் சிறுநீர்ப்பையோடு, இருட்டில் எழுகிறார். பிபியைப் படுத்த நிலையில் ஒன்று, நின்ற பிறகு ஒன்று எடுத்தேன்: 138 இருந்தது 112 ஆனது. நின்று மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு, இவருக்கு 26. இத்தனை மாதம் அவருக்குப் பிபி எடுத்திருக்கிறோம், ஒருநாள்கூட நிற்க வைத்து எடுத்ததில்லை.

டாக்டர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார், தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். நான் 1:15-க்கே போய் எழுப்பி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்புறம் பாத்ரூம் கூட்டிப் போய் வந்துவிடுவேன். கட்டிலையும் அவர் பாதம் தரையில் முழுதாகப் படும் உயரத்துக்கு இறக்கினோம். இரவில் அலாரம் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. அந்த விதத்தில் இது நல்ல பொருள், காவலுக்கு வைக்காமல் கணக்கெடுக்க வைத்தால். இரண்டு வாரம் வைத்து, நேரத்தைக் குறித்து, காரணத்தைப் பிடித்த பிறகு கழற்றி அடுத்தவருக்குப் போடலாம். எங்கள் ஆறு பேட்டும் இப்போது அப்படித்தான் சுற்றுகின்றன.

இதோடு வழுக்காத சாக்ஸும் வந்தது. போடலாம், தப்பில்லை, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். கனடாவில் இரண்டு முதியோர் இல்லங்களில் 130 பேர் விழுந்ததை, மொத்தம் 227 விழுதல், வீடியோவில் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தது 3 சதவீதம்தான். 41 சதவீதம் உடல் எடையைச் சரியாக மாற்றத் தெரியாமல், அதாவது திரும்பும்போது, உட்காரப் போகும்போது, ஒரு பக்கம் சாய்ந்து போய் விழுந்தது. பாட்டி வாக்கரை விட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்பக்கமாக இறங்கும் அந்த ஒரு நொடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடுப்பில் கட்டும் ஹிப் ப்ரொடெக்டர் பரவாயில்லை, விழுவதைத் தடுக்காது, ஆனால் இதுபோன்ற இல்லங்களில் இடுப்பெலும்பு முறிவைக் கொஞ்சம் குறைக்கிறது. போட்டுக்கொண்டிருந்தால்தான். எங்களிடம் பாதி பேர் நனைந்ததும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், மாற்று ஜோடி இல்லாமல் வாங்காதீர்கள்.

அலாரம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், சத்தம் அறைக்குள் வராமல் நர்ஸ் கையில் இருக்கும் பேஜருக்கு மட்டும் வரும் மாடலைக் கேளுங்கள். கொஞ்சம் தாமதித்து அடிக்கும்படி வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், புரண்டால் கத்துவது அதில் பெரும்பாலும் நின்றுவிடும். எங்களுடையதில் இரண்டும் இல்லை. பேஜர் மாடல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூடவே அந்த நோட்டின் ஜெராக்ஸும்.