பழைய டாடா 1613 லாரிக்கு டீசல் பம்ப், நாசில் (எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற முனை) வேலை பாத்த கதை

வேலைக்கு 5க்கு 4 குடுக்கலாம். பேரு போட்டா விளம்பரம்னு கெளம்பிடுவீங்க, அதனால நாமக்கல்ல ஒரு டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்னு மட்டும் வெச்சுக்குங்க.

வண்டி டாடா 1613 டர்போ (எஞ்சினுக்கு காத்த அமுக்கி அனுப்புறது), கம்மின்ஸ் எஞ்சின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். ரொம்ப நாளா இழுவையே இல்ல, சேலம் தாண்டி தொப்பூர் ஏத்தத்துல லோடோட ஏறுனா கியர குறைச்சுக்கிட்டே போகணும், பின்னாடி வர்றவன் கண்ணு தெரியாத அளவுக்கு கரும்புகை, மைலேஜும் போச்சு. நம்ம டிரைவர் தம்பிக்கு தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான், "பம்ப்ல டீசல ஏத்தி விடச் சொல்லுங்கண்ணே, பறக்கும்".

இங்க அதுக்கு ஒத்துக்கவே இல்ல. கரும்புகைனாலே டீசல் முழுசா எரியலன்னு அர்த்தம், காத்தே பத்தாதப்ப இன்னும் டீசல ஊத்துனா சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும்தான் போகும்னு மேஸ்திரி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. எனக்கு கடை புடிச்சதே அதுலதான்.

முதல்ல எஞ்சின ஓட விட்டு ஆயில் ஊத்துற மூடிய கழட்டி பாத்தாங்க, அங்க புகை குபுகுபுன்னு அடிச்சா பிஸ்டன் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடுற குழாய்) தேஞ்சிருக்குன்னு அர்த்தம், ட்யூனிங்ல காசு போடாதீங்க எஞ்சின எறக்குங்கன்னு அனுப்பிடுவாங்களாம். நம்மளுதுல பெருசா இல்ல. அப்புறம் ஏர் ஃபில்டர், அதுல பாதி ரோட்டு மண்ணு. டர்போல இருந்து போற ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அடில கீறி, சுத்தி ஆயில் கசிஞ்சு கருப்பா இருந்துச்சு, அமுக்கிப் பாத்தாதான் கீறல் வாயத் தொறக்குது. காத்து பூரா அங்கயே போயிருக்கு.

பம்ப கழட்டி பெஞ்ச்ல (பம்ப ஓட்டி அளவு பாக்குற மெஷின்) ஏத்துனத கூடவே நின்னு பாத்தேன். சிலிண்டருக்கு ஒண்ணுன்னு ஆறு கண்ணாடி குழாய்ல ஆயில் விழுது, 4வதுல மட்டும் மட்டம் நல்லா எறங்கி நிக்குது, எலிமென்ட் (பம்புக்குள்ள டீசல தள்ளுற பாகம்) தேஞ்சுபோச்சு. ஏற்கனவே எவனோ சீல உடைச்சு டீசல் அளவு ஸ்க்ரூவ திருகி வேற வெச்சிருந்தான். எல்லாத்தையும் ஒரே அளவுக்கு கொண்டுவந்து புதுசா சீல் வெச்சாங்க. நாசில் ரெண்டு பனி மாதிரி அடிக்காம சொட்டுச்சு, மாத்துனா ஆறையும் மாத்துங்கன்னாங்க, மாத்தியாச்சு, பழசையும் கையிலயே குடுத்துட்டாங்க. டீசல் சரியான நேரத்துல பாயுற மாதிரி டைமிங் பின் போட்டு பம்ப உக்கார வெச்சு, டேப்பட் (வால்வுக்கு விடுற இடைவெளி) இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர்னு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வெச்சு செட் பண்ணாங்க, கண்ணளவுல இல்ல.

இப்ப அதே ஏத்தம், அதே லோடு, முன்னவிட ஒரு கியர் மேலயே நிக்குது. கியர் மாத்துறப்ப லேசா புகை வருது, அவ்ளோதான். புது வண்டி மாதிரி ஆகிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா டிரைவர் வாய மூடிட்டான்.

ஒரு மார்க் குறைச்சது எதுக்குன்னா, எவ்ளோ ஆகும்னு மொதல்லயே சொல்ல மாட்டேங்கறாங்க, பில்லு துண்டு சீட்டுலதான், பெஞ்ச்ல வந்த அளவ எழுதிக் கேட்டா முணுமுணுக்குறாங்க. வண்டி எப்ப ரெடியாகும்னு சொல்றத நம்பி லோடு மட்டும் புக் பண்ணிடாதீங்க.

போறதா இருந்தா முந்தின நாள் ராத்திரியே வண்டிய விட்டுருங்க, எஞ்சின் ஆறாம டேப்பட்ல கை வைக்க மாட்டாங்க.