புது வீடா, மாற்றிக் கட்டும் வீடா? குமரி மாவட்டத்துக்கு எந்த ஆற்றல் மதிப்பீடு சரிவரும்

ஏசி வாங்கப் போனால் எத்தனை ஸ்டார் என்று கேட்காத ஆள் இல்லை. அந்த ஏசியை மாட்டப்போகும் வீட்டைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதிகளை வைத்து பிளானிலேயே கணக்குப் பார்ப்பது ஒன்று. பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்குத் தரும் ஸ்டார் லேபிள் இன்னொன்று. மூன்றாவது கிரிஹா, ஐ.ஜி.பி.சி. போன்ற பசுமைச் சான்றுகள். நான்காவது, ஆள் நேரில் வந்து அளந்து பார்க்கும் எனர்ஜி ஆடிட்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாலைந்து சென்டில் கட்டுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: புதிதாகக் கட்டினால் முதல் வழி, பழையதை மாற்றினால் கடைசி வழி. நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாலும் விற்கவோ வாடகைக்கு விடவோ கட்டுகிறவர்களுக்கானவை.

எக்கோ நிவாஸ் சம்ஹிதாவின் முதல் பகுதி 2018 டிசம்பரில் வந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு எழுதப்பட்டது. நம் கணக்கில் அது 12 சென்டுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே சாதாரண வீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நான்கில் இதைத்தான் முதலில் வைக்கிறேன். காரணம், ஏசி எத்தனை டன் என்று கேட்காமல் வீட்டின் உடம்பை மட்டும் பார்க்கிறது. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில எண்களை வைத்தே. சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையின் யு மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் அளவு, 1.2-க்குள் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், வாசல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும்.

இதில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டியது. அந்த 15 வாட் கணக்கில் கூரை சேராது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை, செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி இன்னொரு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒற்றைத் தள வீட்டில் வெயிலின் பெரும்பங்கை வாங்குவது மொட்டை மாடிதான். சுவர்க் கணக்கு 12 வாட்டில் நிற்கிறது என்று எஞ்சினியர் பெருமையாகச் சொன்னால், "சரி, கூரை எவ்வளவு?" என்று கேளுங்கள். ஆறு அங்குல வெறும் கான்கிரீட்டின் யு மதிப்பு மூன்றுக்கு மேல் போகும். அதன்மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். அட்டை, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் நுரை அட்டை, பதித்து ஓடு ஒட்டினால் 1-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

ஆனால் நம் ஊரில் யாரும் அட்டை போடுவதில்லை, மாடிக்கு மேல் டிரஸ், அதாவது இரும்புச் சட்டம், அடித்து ஷீட் போடுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இது முட்டாள்தனம் இல்லை. ஒழுக்கு நின்றுவிடும், துணி காயும், மாடியில் வெயில் நேரடியாக விழாது. நாலு பக்கமும் திறந்திருந்தால் ஷீட்டுக்கு அடியில் சேரும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பக்கங்களை அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கினால் அந்தச் சூடு அங்கேயே தங்கும். எளிய யு மதிப்புக் கணக்கோ இந்த நிழலையும் காற்றோட்டத்தையும் சரியாகப் பிடிப்பதில்லை. தாளில் அட்டைதான் ஜெயிக்கும். கையில் காசு குறைவாக இருந்து, ஒழுக்கும் ஒரு கவலையாக இருந்தால், நான் திறந்த டிரஸ் பக்கம்தான் நிற்பேன். வெள்ளை பெயிண்ட் மூன்றாவது இடம். முதல் கோடையில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிட்டால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும்.

அடுத்தது ஜன்னல். விதி சொல்லும் ஆறில் ஒரு பங்கு முழு வீட்டுக்குமானது. கை அளவில் புரிய ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை என்றால் 120 சதுர அடி. 20 சதுர அடி திறக்க வேண்டும். ஐந்துக்கு நாலு அளவில் ஜன்னல் வைத்தால் சரியாக 20 வருகிறதே என்று தோன்றும். அது இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான் கணக்கில் வரும், பத்து சதுர அடி. ஒரு கதவு எப்போதும் இன்னொன்றை மறைத்துக்கொண்டே நிற்கும் அல்லவா. அதே அளவில் பழைய மாதிரி வெளியே திறக்கும் ஜன்னல் வைத்தால் 90 சதவீதம், 18 சதுர அடி. பளபளப்பான ஸ்லைடிங்குக்காகப் பாதிக் காற்றை விட்டுக்கொடுக்கிறோம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற காற்றுக்கு இது பெரிதாகத் தெரியாது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் விளவங்கோடு வீடுகளில் நன்றாகவே தெரியும். திசையையும் இந்தக் கணக்கு விடுவதில்லை: கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு எடை அதிகம், வடக்குக்கு மிகக் குறைவு.

இனி ஸ்டார் லேபிள். ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதுதான் இதன் அடிப்படை. ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை. கிட்டத்தட்ட அதே எண்ணை நீங்களே கரண்ட் பில்லில் இருந்து எடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிற 1000 சதுர அடி வீடு என்றால் ஆண்டுக்கு 1800 யூனிட். 93 சதுர மீட்டரால் வகுத்தால் சுமார் 19. ஃபிளாட் விற்கிறவருக்கு இப்படி ஒரு எண்ணும் அதன்மேல் அரசு முத்திரையும் இருப்பது லாபம். குடியிருக்கப் போகிறவருக்கு இது எதையும் திருத்திக் காட்டுவதில்லை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. நம் மாவட்டத்தில் பாதி அறை பூட்டிக் கிடக்கிற கல்ஃப் வீடுகள் ஏராளம். அம்மாவும் அப்பாவும் மட்டும் ஒரு ஃபேனின் கீழ் இருக்கிற 2500 சதுர அடி வீட்டின் பில்லை வகுத்துப் பார்த்தால் அது ஊரிலேயே சிறந்த வீடாகத் தெரியும்! மகன் குடும்பத்தோடு லீவுக்கு வரும் மாதத்தில்தான் உண்மை வெளியே வரும்.

பசுமைச் சான்றுகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கிரிஹாவில் 2500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு ஸ்வகிரிஹா என்று தனி வகை இருக்கிறது. ஐ.ஜி.பி.சி. கிரீன் ஹோம்ஸ் தனி வீட்டையும் ஏற்கும். ஆனால் தண்ணீர், குப்பை, கட்டுமானப் பொருள் எல்லாமே இதில் மதிப்பெண். ஆற்றல் அதில் ஒரு பங்குதான். பதிவுக் கட்டணமும் ஆவண வேலையும் வேறு. கன்னியாகுமரி கடற்கரை ஒட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கோ, நாகர்கோவிலில் அடுக்குமாடி கட்டுகிறவருக்கோ பலகையில் போட உதவும்.

மாற்றிக் கட்டும் வீடு வேறு ரகம். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் நம்மூர்க்காரர்களைக் கேட்டால் அங்கே வீடு வாங்கும்போதே ஏ முதல் ஜி வரை எழுத்துப் போட்ட ஆற்றல் சான்று தருவதைச் சொல்வார்கள், பத்தாண்டு செல்லும். அங்கே புது வீட்டுக்கும், வேறு கட்டடத்தை வீடாக மாற்றினாலும் எஸ்.ஏ.பி. என்ற முழுக் கணக்கு. ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு அதன் சுருக்கிய வடிவம். ஆனால் அந்தக் கணக்கின் பெரிய கவலை, ஹீட்டர் தரும் சூடு வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்பது. அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே இரட்டைக் கண்ணாடி போட்டு எல்லாப் பக்கமும் இறுக்கி அடைத்தால், ஏசி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது.

கல்குளம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டுக்கு பிளான் கிடையாது. வெட்டுக்கல் சுவர் எவ்வளவு கனம், உள்ளே மண் சாந்தா சுண்ணாம்பா என்று யாருக்கும் தெரியாது. தாளில் கணக்குப் போட எதுவுமே கையில் இல்லை. போட்டாலும் எக்கோ நிவாஸ் கணக்கு ஜன்னலின் மேல் விழும் நிழலைச் சேர்க்கிறது, சுவரின் மேல் விழும் நிழலை விட்டுவிடுகிறது. தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரையும் சுற்றுத் திண்ணையும் சுவரில் வெயிலே படாமல் காக்கும் வேலைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. அதனால்தான் இங்கே ஆடிட். பி.இ.இ. தேர்வு எழுதிச் சான்று பெற்ற ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆலைகளில்தான் வேலை அதிகம். ஒரு வீட்டுக்கு, அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் பிடித்து அளக்கத் தெரிந்த எஞ்சினியரே போதும். மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒவ்வொரு அறையிலும் கூரையின் அடிப்பக்கத்தையும் மேற்குச் சுவரையும் அளக்க வேண்டும். ஓடு மதியம் கொதிக்கும், இருட்டியதும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் இரவு பத்துக்கும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். இரவு தூங்கும் அறைக்கும் பகலில் புழங்கும் அறைக்கும் ஒரே கூரை சரிவராது என்பது அந்த எண்களில் தெளிவாகத் தெரியும்.

ஃபேனும் இந்த ஆடிட்டில்தான் மாட்டும். 75 வாட் பழைய ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 410 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 164. கூரையைத் தொடாமலே பில் குறைகிற இடம் இது.

கீழே பழைய வீடு, மேலே புதுத் தளம் என்றால் இரண்டையும் கலக்க வேண்டியதுதான். மாடி வந்ததும் கீழ்த்தளத்துக்கு நிழல் கிடைத்துவிடும். வெயில் முழுக்கப் புதுத் தளத்தின் தலைக்குப் போய்விடும். ஆகவே கீழே ஆடிட், மேலே எக்கோ நிவாஸ் கணக்கு. மேல்தளக் கணக்கை ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் முடித்துவிட வேண்டும். கீழே அளப்பதை ஓட்டுக் கூரையைப் பிரிக்கும் முன்பே, முடிந்தால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ, செய்துவிட வேண்டும். பிரித்த பிறகு வருகிற ஆடிட்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் எதுவும் இருக்காது.