0015, 0018, 0021: கடலூர்க் கடலில் சுழலும் இறக்கைக்கு எந்த வடிவம்?

தேவனாம்பட்டினத்துக்கு எதிரே, ஒரு மிதவையின்மேல் சிறிய செங்குத்து அச்சுக் காற்றாலை (நிமிர்ந்த தண்டைச் சுற்றி, அதற்கு இணையாக நிற்கும் இறக்கைகள் ஓடுவது) ஒன்றை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆரம் 1 மீட்டர். இறக்கையின் நீளம் 2 மீட்டர், அகலம் 20 செ.மீ. ஆடியில் கரையிலிருந்து மேல்காற்று, பிற்பகலில் கடல்காற்று, ஐப்பசிக்குமேல் வாடை. எத்திசைக் காற்றுக்கும் இது முகம் திருப்ப வேண்டியதில்லை. திண்டாட்டமெல்லாம் இறக்கையின் வெட்டுமுகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுபவை, அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாக்கா எண்ணிட்ட 0015, 0018, 0021 வடிவங்கள். முதல் இரு சுழிகள், இறக்கை இருபுறமும் சமச்சீரானது என்பதைச் சொல்கின்றன. கடைசி இரு இலக்கங்கள், அகலத்தில் தடிமன் எத்தனை சதவீதம் என்பதை. நம் இறக்கைக்கு அது முறையே 3, 3.6, 4.2 செ.மீ.

வேகமாகச் சுழலும்போது 0015க்கு இழுவிசை குறைவு. காகிதத்தில் அதுவே வெல்லும். ஆனால் காற்று 5 மீ/விநாடி வீச, இறக்கை அதைப்போல் 4 மடங்கு வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு கிலோ எடையும் ஏறக்குறைய 40 கிலோவாக வெளிநோக்கி இழுக்கும். அதோடு ஒவ்வொரு சுற்றிலும் தூக்குவிசை ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று மாறி மாறி வளைக்கும். கூடான பைபர் இறக்கையின் விறைப்பு ஏறத்தாழத் தடிமனின் வர்க்கத்தோடு உயர்வதால், அதே கனமுள்ள ஓடு போட்டாலும் 0021 கிட்டத்தட்ட இரு மடங்கு விறைப்பாக நிற்கும்.

புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 140 கி.மீ. காற்று என்றால் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். 5 மீ/விநாடி காற்றின் அழுத்தத்தைப்போல் 60 மடங்கு. கிடை அச்சுக் காற்றாலையைப்போல் இறக்கையைத் திருப்பித் தப்பவும் வழியில்லை. சிறிதளவு கூடுதல் திறனுக்காக 0015ஐ வாங்குகிறவரை எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் இத்தகைய காற்றாலைகளுக்கென்றே 2006இல் உருவாக்கிய டியூ 06-டபிள்யூ-200? தடிமன் ஏறக்குறைய 20 சதவீதம், வெட்டுமுகத்தின் நடுக்கோட்டில் மிகச் சிறிய வளைவு. காற்று இறக்கையைவிட்டுப் பிரிவது தள்ளிப்போகிறது, நல்ல வடிவம்தான். சிக்கல் செய்முறையில். அதன் வளைவு அகலத்தில் 0.8 சதவீதமே, நமக்கு 1.6 மில்லிமீட்டர். கையால் ரெசின் பூசும் பைபர் பட்டறையில் வார்ப்பச்சு அவ்வளவு பிசகினால் அந்த ஆதாயமே கரைந்துவிடும். கணினியில் வெட்டிய அச்சு கிடைப்பவர்கள் தாராளமாக முயலலாம். சமச்சீர் வடிவத்துக்கோ ஒரே அச்சில் இரு பாதிகளையும் வார்த்து ஒட்டிவிடலாம்.

0021க்கும் குறையுண்டு. இவ்வளவு சிறிய இறக்கையில் ரெனால்ட்ஸ் எண் (இறக்கையின் அகலமும் அதன்மேல் ஓடும் காற்றின் வேகமும் கூடினால் உயரும் எண்) இரண்டரை லட்சத்தை ஒட்டியே இருக்கும். தடித்த வடிவத்தில் இழுவிசை கூடும், உப்புப் படிந்தால் இன்னும் கூடும். ஆகவே அதைக் காற்றின் வேகத்தைப்போல் 4 மடங்கில் ஓட்டாமல் 3 மடங்கில் ஓட்டுவேன். வெளியிழுப்பும் பாதியளவுக்குக் குறைந்துவிடும். இடையில், தண்டிலிருந்து இறக்கையைப் பிடிக்கும் தாங்குகை ஒன்று கூடுதலாக வைக்க முடிந்தால் 0018 போதும்.

மிதவை விளக்கு எரிந்தால் போதும் என்பவருக்கு இந்த அலசலே வேண்டாம். அரை உருளைகளைக் கொண்ட சவோனியஸ் காற்றாலை திறனில் பின்தங்கியது. ஆனால் மெல்லிய காற்றிலும் தானே கிளம்பும். மேலே சொன்ன இறக்கைகளைக் கிளப்பப் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு மின்சாரம் கொடுத்துத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.