இன்ஜின்சுக் கஷாயத்தைச் சோதிக்க எலியா, வாத்தா?

மஞ்சள் காமாலைக்குக் கொரிய மருத்துவம் நெடுங்காலமாகத் தரும் இன்ஜின்சுக் மூலிகை, ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்குமா? எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கல்லீரல் நச்சைக் கொடுத்துச் சோதிப்பது மலிவு. விரைவில் முடிவு தெரியும். ஆனால் அங்கே வைரஸே இல்லை! கல்லீரல் செல்கள் சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் ஏ.எல்.டி. நொதி குறைந்தால், கஷாயம் கல்லீரலை நச்சிலிருந்து காத்தது என்று மட்டுமே சொல்லலாம்.

வாத்தை நம்புகிறேன். பெக்கிங் வாத்துக்கு, 1980இல் விவரிக்கப்பட்ட, தனக்கே உரிய ஹெபடைடிஸ் பி வைரஸ் உண்டு. குஞ்சுப் பருவத்தில் தொற்றினால் நாள்பட்டு நிலைக்கும். மருந்து கொடுக்கையில் ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. குறைகிறதா, நிறுத்தியதும் மீண்டும் ஏறுகிறதா என்று அளக்கலாம். இரண்டாவது கேள்வியே முக்கியம்: கல்லீரல் செல்லின் உட்கருவில் பதுங்கும் வைரஸ் டி.என்.ஏ.வை இன்றைய மாத்திரைகளே பெரும்பாலும் ஒழிப்பதில்லை. வாத்தில் நோய் பொதுவாக லேசானது. கல்லீரல் சிதைவை ஆராய அது உதவாது.